ஒரே முத்திரையில் எதிரெதிர் மயில்கள்: கண்ணாடி விம்ப அச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் பாடசாலை விடுமுறைகளில் வாழ்த்து மட்டை செய்யப் பழக்கி வருகிறேன். அங்கே வேறெதையும்விட ஒரு விடயத்தைப் பற்றியே என்னிடம் அதிகம் கேட்கிறார்கள்: கையில் இருப்பது ஒரு றப்பர் முத்திரை, அதே உருவம் மறுபக்கம் திரும்பி நிற்பதுபோல அதை எவ்வாறு குத்துவது? ஒக்டோபர் 6 ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்கு மட்டை செய்யும் பிள்ளைகளும், கலியாணத்துக்கு நாள் குறித்த வீட்டாரும், செய்து விற்கும் பெண்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றை அவர்களுடைய பேச்சிலேயே வைத்து, நான் செய்து பார்த்து அறிந்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா, கண்ணாடி விம்பம் எண்டா என்ன? முத்திரையைத் திருப்பிப் பிடிச்சுக் குத்தினாச் சரிதானே?

திருப்பிப் பிடித்தால் உருவம் சுழலுமே தவிர, பக்கம் மாறாது. வலப்பக்கம் பார்க்கும் மயில் முத்திரையை எந்தப் பக்கம் சுழற்றினாலும் மயில் சரிந்தோ தலைகீழாகவோ விழும். காலூன்றி நின்றபடி இடப்பக்கம் பார்க்காது. அதற்கு, முகம் பார்க்கும் கண்ணாடியில் நடப்பதுபோல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாற வேண்டும்.

முத்திரையே ஒரு முறை அவ்வாறு மாற்றுகிறது. றப்பரில் உருவம் புரண்டு இருப்பதனால்தான் தாளில் அது நேராக விழுகிறது. முத்திரைக்கும் மட்டைக்கும் நடுவே இன்னொரு பரப்பை வைத்து, முதலில் அதில் குத்தி, அந்த ஈர மையை மட்டையில் ஒற்றி எடுத்தால், உருவம் மீண்டும் ஒரு முறை புரள்கிறது. இந்தப் பக்கத்தில், முத்திரையிலிருந்து நேரே மட்டையில் விழுவதை நேர்ப்பதிவு என்றும், நடுப்பரப்பு வழியாக ஒற்றி எடுப்பதை மறுபதிவு என்றும் சொல்கிறேன்.

இதுக்கு என்னென்ன சாமான் வேணும்? கொழும்பில இருந்து எடுப்பிக்க வேணுமோ?

வேண்டியதில்லை. ஒரு முத்திரை, ஒரு மைத்தட்டு, முத்திரையைவிடச் சற்றுப் பெரிதான, செதுக்காத மழமழப்பான ஒரு றப்பர் துண்டு, அதை ஒட்டுவதற்கு ஒரு பலகைத் துண்டு, பிறிஸ்ரல் போட், ஈரத்துணி, கழிவுத்தாள் ஆகியவை போதும். சிறிய உருவங்களுக்குப் பெரிய வெள்ளை அழிறப்பரின் தட்டையான முகமே நல்ல நடுப்பரப்பு. முத்திரை செய்து கொடுக்கும் கடையில் செதுக்காத றப்பர் துண்டு ஒன்றைக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். சிலிக்கன் விரிப்பு வைத்திருப்பவர்கள் அதன் வழவழப்பான பக்கத்தைப் பயன்படுத்தலாம்.

பிறிஸ்ரல் போட் வாங்கும்போது பளபளப்பில்லாததை எடுங்கள். பளபளப்பான மட்டை மையை உறிஞ்சாது. மறுபதிவு வழுக்கிக்கொண்டு போய் விளிம்பு கலங்கும். ஏ4 தாளை மடித்தால் கிடைக்கும் ஏ5 அளவில், ஐந்து சென்ரிமீற்றர் அகல உருவங்கள் இரண்டு எதிரெதிராக நிற்பதற்குத் தாராளமாக இடம் இருக்கும்.

ஒருக்காப் படிப்படியாச் சொல்லுங்கோ, பாப்பம்.

மையைத் தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்துங்கள். மட்டை மேசையில் விரிந்திருக்க வேண்டும், உருவம் விழ வேண்டிய இடம் பென்சிலால் மெல்லக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், நடுப்பரப்பு துடைத்து உலர்ந்திருக்க வேண்டும், மின்விசிறி நின்றிருக்க வேண்டும். இந்த வேலையின் உயிர், மை நடுப்பரப்பில் விழுந்ததற்கும் மட்டையைத் தொடுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. அந்த விநாடிகளில் எதையும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

முத்திரைக்கு நிறைய மை கொடுங்கள். தட்டில் ஒரு முறை அழுத்தாமல், நாலைந்து முறை மெல்லத் தட்டி எடுத்தால் மை எங்கும் ஒரே அளவாக ஏறும். நடுப்பரப்பை மேசையில் மேல்நோக்கி வைத்து, அதன் மீது முத்திரையைக் குத்தி, நேரே மேலே தூக்குங்கள். உடனே நடுப்பரப்பைப் பலகையோடு எடுத்து, குறித்த இடத்தில் கவிழ்த்து, ஆட்டாமல் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஐந்து வரை எண்ணிவிட்டு மேலே தூக்குங்கள். அதன் பிறகு நடுப்பரப்பை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

மறுபதிவை முதலிலும் நேர்ப்பதிவைப் பிறகும் குத்துவதே என் பழக்கம். பிழையாகிப்போக வாய்ப்புள்ளது மறுபதிவுதான். அது கெட்டால் மட்டையை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

என்ர மறுபதிவு வெளிறிக் கிடக்குது. ஒரு மயில் கறுப்பு, மற்றது சாம்பல். ஏன் அப்பிடி?

நடுப்பரப்பு வாங்கிய மை முழுவதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பங்கு அதிலேயே தங்கிவிடும். இதைத் திருத்தப் பலரும் மறுபதிவைக் கறுப்பாக்கவே பாடுபடுகிறார்கள். இன்னும் மை, இன்னும் அழுத்தம் என்று போய், கோடுகள் தடித்து, தோகையின் கண்கள் அடைத்துப் போகின்றன.

நேர்ப்பதிவின் நிறத்தை இறக்குவதே சரியான வழி. மறுபதிவுக்கு முழு மையுடன் குத்துங்கள். நேர்ப்பதிவுக்கு, மை ஏற்றிய முத்திரையை முதலில் கழிவுத்தாளில் ஒரு முறை குத்திவிட்டு, மீண்டும் மை தொடாமல் மட்டையில் குத்துங்கள். அந்த இரண்டாம் குத்தின் நிறமும் மறுபதிவின் நிறமும் அநேகமாகப் பொருந்தும். கழிவுத்தாளில் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து மேலும் கீழும் சரிசெய்துகொள்ளலாம். பழகியவர் செய்ததில் எது நேர்ப்பதிவு, எது மறுபதிவு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரிவதில்லை.

மை றப்பரில பரவாமல் பனித்துளி மாதிரி உருண்டு நிக்குது. றப்பர் பழுதோ?

பழுதில்லை. புதிய றப்பரிலும் சிலிக்கனிலும் ஒருவித எண்ணெய்த்தன்மை இருக்கும். தாமரை இலைத் தண்ணீர்போல மை அங்கே ஒட்டாமல் திரளும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். அதற்கும் சரிவராவிட்டால், மிக நுண்ணிய சான்ட் பேப்பரால் வட்டமாக, அழுத்தாமல், பளபளப்பு மட்டும் போகும்வரை தேயுங்கள். விரலால் தடவினால் இன்னும் மழமழப்பாகவே தெரிய வேண்டும். கீறல் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் கீறலும் மட்டையில் பதியும்.

ஓஎச்பி ஷீற் எனப்படும், ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாளில் செய்து பார்த்துவிட்டு இதே குறையைச் சொல்பவர்களும் உண்டு. அந்தத் தாளில் மை இன்னும் மோசமாக உருளும்; மெல்லிய கோடுகள் உள்ள உருவத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த மை நல்லது? நாங்கள் ஒஃபீஸ் ஸ்ராம்ப் பாட்தான் வைச்சிருக்கிறம்.

அதுவே நல்ல தொடக்கம். அலுவலக மைத்தட்டின் மை பெரும்பாலும் தாளுக்குள் உறிஞ்சப்பட்டுத்தான் காயும்; றப்பர் உறிஞ்சாதபடியால் அதன் மேல் சற்று நேரம் ஈரமாகவே இருக்கும். மறுபதிவுக்கு வேண்டியது அந்த ஈரந்தான். கைவினைக் கடைகளில் கிடைக்கும் மைகளில், நிறத்தூள் கலந்த தடித்த மை மெல்லக் காயும்; நிறம் கரைந்த நீர்த்த சாய மை விரைவில் காயும். ஆகவே முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் தடித்த மை மட்டையிலும் மெல்லவே காயும் என்பதால், குத்திய மட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அவசரப்பட வேண்டாம்.

அழியாத மார்க்கர் மை இதற்கு உதவாது. றப்பரைத் தொட்டதுமே உலர்ந்துவிடும். நீரில் கரையும் பெல்ற் பேனைகளால் முத்திரையின் மேல் நேரடியாகப் பல நிறம் தீட்டலாம், கழுத்துக்கு நீலமும் தோகைக்குப் பச்சையுமாக. தீட்டி முடிப்பதற்குள் முதல் நிறம் காய்ந்துவிடும் என்பதால், குத்துவதற்கு முன் ஒரு முறையும், நடுப்பரப்பில் விழுந்த பின் இன்னொரு முறையும் மூச்சால் ஈரப்படுத்த வேண்டும். அந்த முறையை அடுத்த பதிலில் காண்க.

சோளகக் காத்துக் காலத்தில நடுப்பரப்பில குத்தின உடனேயே மை காஞ்சு போகுது. என்ன செய்யலாம்?

வன்னியில் இது உண்மையான இடையூறு. ஆடி, ஆவணியில் சோளகம் வீசும்போது, மதியத்தில் பத்து விநாடியே எனக்குக் கிடைப்பதில்லை. மாரியில் மழை பிடித்த நாட்களில் அதே மை அரை நிமிடம்கூடப் பொறுக்கும். வெக்கைக் காலத்தில் விடியற்காலையிலோ பொழுதுபட்ட பின்போ குத்துங்கள். சன்னல் பக்கம் இருக்க வேண்டாம்.

மை உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய, நடுப்பரப்பைச் சரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஈரமான கோடு மினுங்கும். தலைக்கொண்டை மங்கி, உடல் மட்டும் மினுங்கினால், கொண்டையின் மெல்லிய கோடுகள் முதலில் காயத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது வாயைக் கிட்டக் கொண்டுபோய், மூக்குக்கண்ணாடி துடைப்பதற்கு விடுவதுபோல, ‘ஹா’ என்று சூடான மூச்சை விடுங்கள். மினுக்கம் திரும்பி வரும். அந்தக் கணத்திலேயே கவிழ்த்துவிடுங்கள். உதட்டைக் குவித்து ஊதினால் மை இன்னும் வேகமாகக் காயும்; இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு முறை செய்து காட்டிவிடுவது நல்லது.

சரியான இடத்தில விழுத்தவே முடியேல்லை. கவிழ்த்தா உள்ளுக்குள்ள ஒண்டும் தெரியாதே?

தெரியாதுதான், ஆகவே கண்ணை நம்பாமல் விளிம்பை நம்ப வேண்டும். முத்திரை ஒட்டியிருக்கும் பலகையின் அளவிலேயே நடுப்பரப்புக்கும் ஒரு பலகை வெட்டி, றப்பரை அதன் விளிம்புவரை ஒட்டுங்கள். முத்திரையை நடுப்பரப்பில் குத்தும்போது இரண்டு பலகைகளின் நாலு விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மூலைமட்டத்தையோ, சுவரும் மேசையும் சந்திக்கும் மூலையையோ அணைப்பாகக் கொண்டால் இது எளிது. அதன் பின், பலகை எங்கே அமர்கிறதோ அங்கேதான் உருவமும் விழும். மட்டையில் பலகையின் இரு மூலைகளை மட்டும் பென்சிலால் குறித்தால் போதும்.

பலகையின் முதுகில் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்றைக் கீறி வையுங்கள். அவசரத்தில் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, மட்டையைத் தூக்கியபோது மயில் வானத்தில் தொங்குவதைப் பார்த்து அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

றப்பர் துண்டு கிடைக்காட்டி வேற வழி இல்லையோ?

உண்டு. ரேசிங் தாளில் முழு மையுடன் குத்தி, உடனே மட்டையில் கவிழ்த்து, முதுகில் கரண்டியின் அடியால் தேயுங்கள். தாளின் ஊடாக உருவம் தெரிவதால் இடம் பார்த்து வைக்கலாம். முந்திய கேள்வியில் சொன்ன விளிம்பு வேலை தேவைப்படாது. ஆனால் தாள் ஈரத்தில் சுருளத் தொடங்கும், பதிவும் றப்பரில் வருவதைவிடச் சற்று மங்கலாக இருக்கும்.

மையை ஒற்றி எடுக்காமலே உருவத்தைப் புரட்டும் வழியும் ஒன்று இருக்கிறது. ரேசிங் தாளில் குத்தி, நன்றாகக் காயவிட்டு, வெட்டி, மை பட்ட பக்கம் கீழே வரும்படி மட்டையில் ஒட்டிவிடுங்கள். பின்பக்கமாகத் தெரியும் உருவம் புரண்டே இருக்கும். பனிமூட்டம்போன்ற அந்த மங்கல், நத்தார் மட்டைகளுக்குத் தனி அழகு தருகிறது.

அழிறப்பரில நானே வெட்டப் போறன். படத்தைத் திருப்பிக் கீறித்தான் வெட்ட வேணுமோ?

றப்பரில் நேரே கீறுவதானால், ஆம். ரேசிங் தாளில் கீறி மாற்றுவதானால், இல்லை. மென்மையான 2பி பென்சிலால் தாளில் நேராகக் கீறி, கீறிய பக்கத்தை றப்பரின் மேல் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தால், படம் தானாகவே புரண்டு றப்பரில் இறங்கும். அதை வெட்டிக் குத்தினால், நீங்கள் கீறியபடியே தாளில் வரும். முதலில் திருப்பிக் கீறி, பிறகு கவிழ்த்தும் தேய்ப்பவர்கள் இரு முறை புரட்டிவிடுகிறார்கள்.

அதே தாளிலிருந்து இரட்டை முத்திரையும் எடுக்கலாம். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தெரியும் கோடுகளின் மேலேயே மீண்டும் பென்சில் ஓட்டி, அந்தப் பக்கத்தை இன்னோர் அழிறப்பரில் கவிழ்த்துத் தேயுங்கள். இப்போது வலம் பார்க்கும் மயில் ஒன்றும் இடம் பார்க்கும் மயில் ஒன்றும் உங்களிடம் இருக்கும். இரண்டுமே நேர்ப்பதிவுதான், வெளிறலும் இல்லை.

‘பொங்கல் வாழ்த்துகள்’ எண்டு வெட்டினன், பிழைச்சுப் போச்சு. எழுத்துக்கு என்ன முறை?

இதில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் ஒவ்வோர் எழுத்தையும் புரட்டிவிட்டு, வரிசையை இடமிருந்து வலமாகவே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் வரிசையை மாற்றிவிட்டு எழுத்தைப் புரட்ட மறக்கிறார்கள். றப்பரில் ‘பொ’ வலப்பக்க ஓரத்தில் தொடங்க வேண்டும். அதிலும் கொம்பு வலப்பக்கத்திலும், கால் இடப்பக்கத்திலும் வர வேண்டும். ‘ப’ புரண்டாலும் ஏறக்குறைய ‘ப’ போலவே இருப்பதால், ‘பொ’வைப் புரட்டாமல் விட்டதை முதலில் யாரும் கவனிப்பதில்லை, ‘ங்க’வில் வந்துதான் பிழை பிடிபடும்.

முந்திய பதிலில் சொன்ன ரேசிங் தாள் முறையைப் பின்பற்றினால் இந்தக் குழப்பமே இல்லை. வெட்டுவதற்கு முன் றப்பரை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டுங்கள்; கண்ணாடியில் வாசிக்க முடிந்தால் மட்டையிலும் வாசிக்க முடியும். பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் முன்பக்கக் கமராவும், படம் எடுக்கும் முன் திரையில் கண்ணாடிபோலவே காட்டும். எழுத்துள்ள முத்திரையை ஒருபோதும் மறுபதிவாக ஒற்றாதீர்கள்.

இரணைமடுக் குளத்தில பனை நிழல் விழுறமாதிரிச் செய்ய, பனையைத் தலைகீழாக் குத்தினாப் போதாதோ?

பனை தூண்போல நேராக, இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் போதும். வலப்பக்கம் சரிந்த பனையாக இருந்தால் போதாது. தலைகீழாகக் குத்திய பனை கீழே இடப்பக்கம் சரியும். ஆனால் தண்ணீரில் தெரியும் பனை, மேலே உள்ளது எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே சரியும். ஒரு மாலையில் குளக்கட்டில் நின்று பார்த்தால் இது விளங்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பொருந்தவில்லை என்று மனத்தில் படும்.

இதற்கு மறுபதிவைத் தலைகீழாகத் திருப்பி ஒற்ற வேண்டும். இடவலம் மாறிய உருவத்தைத் தலைகீழாக்கினால், மேல்கீழ் மட்டும் மாறிய உருவம் கிடைக்கும். தண்ணீர் செய்வதும் அதுவே. இங்கே மறுபதிவின் வெளிறல் குறையல்ல, வேண்டிய ஒன்று. ஆகவே நாலாம் கேள்வியில் சொன்ன நிறத்தைச் சமப்படுத்தும் வேலையைச் செய்யாதீர்கள். ஒற்றிய உடனே, ஈரமான தூரிகையை நிழலின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் படுக்கையாக இழுத்தால், நீரில் கரையும் மை சற்றுக் கலங்கி, அலைபோலத் தெரியும்.

மட்டையின்ர நாலு மூலைக்கும் ஒரே பூக்கொடி வைக்க வேணும். எத்தினை மறுபதிவு?

இரண்டு. மேல் இடமூலையில் நேர்ப்பதிவு என்றால், அதற்குக் குறுக்கே எதிரான கீழ் வலமூலையிலும் நேர்ப்பதிவுதான், தலைகீழாகத் திருப்பி. மற்ற இரண்டு மூலைகளிலும் மறுபதிவு: மேலே உள்ளது நேராக, கீழே உள்ளது தலைகீழாக. நாலையும் நேர்ப்பதிவாகச் சுழற்றிச் சுழற்றிக் குத்தினால், கொடிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடிச் சுழல்வதுபோல் தெரியும். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு அழகு.

கலியாணத்துக்கு இருநூறு மட்டை. எல்லாத்துக்கும் இப்பிடி ஒற்றலாமோ?

ஒற்ற வேண்டாம். அறுபது மட்டைகளுக்கு ஒரே இருப்பில் ஒற்றிப் பார்த்தேன். நாற்பதுக்குப் பிறகு கை ஆடி, விளிம்புகள் இரட்டையாக விழுந்தன. இருபது, முப்பது வரை கையால் ஒற்றலாம். அதற்கு மேல் என்றால், முத்திரைக் கடையில் படத்தைக் கணினியில் புரட்டி இரண்டாம் முத்திரை ஒன்று செய்விப்பதே மலிவு.

கடையில் ‘மற்றப் பக்கம் பார்க்க வேண்டும்’ என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லி வந்து, ஒரே பக்கம் பார்க்கும் இரண்டு முத்திரைகளுக்குப் பணம் கொடுத்தேன். இரண்டு உருவங்களும் மட்டையில் எப்படி நிற்க வேண்டும் என்பதை ஒரு தாளில் குத்தியோ ஒட்டியோ கொண்டுபோய்க் கொடுங்கள். வெட்டும் முன் தாளில் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வெட்டின அழிறப்பர் முத்திரை பிளாஸ்ரிக் பெட்டியோட ஒட்டிப் போச்சு. ஏன்?

பிளாஸ்ரிக் அழிறப்பரை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் வேறு பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். அடிமட்டத்தில் அழிறப்பர் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, தகரப் பெட்டியில் வெயில் படாமல் வையுங்கள். மையைத் துடைக்க ஈரத்துணி போதும். மண்ணெண்ணெயும் தின்னரும் றப்பரைக் கெடுத்துவிடும்.

பிள்ளையாரையும் இப்பிடித் திருப்பி ஒற்றலாமோ? அம்மா வேண்டாம் எண்டுறா.

அம்மா சொல்வதில் பொருள் இருக்கிறது. துதிக்கை இடப்பக்கம் வளைந்த பிள்ளையார், மறுபதிவில் வலம்புரிப் பிள்ளையாராக மாறிவிடுகிறார். வழிபடுவோர் அந்த இருவரையும் ஒன்றாகக் கொள்வதில்லை. சங்கும் அப்படியே, வழக்கமான சங்கு புரண்டால் அரிதான வலம்புரிச் சங்காகிவிடும். நடராசர் தூக்கியிருப்பது இடக்கால். மதுரை வெள்ளியம்பலத்தில்தான் வலக்கால் தூக்கி ஆடுகிறார். தில்லைக் கூத்தரைப் புரட்டி ஒற்றினால், நீங்கள் நினைத்தவர் அங்கே இல்லை. ஓம் என்பது எழுத்து. அதைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். வலக்கையை உயர்த்தி ஆசீர்வதிக்கும் யேசுவும் மறுபதிவில் இடக்கையை உயர்த்துவார்.

இடவலத்துக்குப் பொருள் உள்ள எந்த உருவத்தையும் நான் மறுபதிவாக ஒற்றுவதில்லை. அதை நடுவில் தனியே நேர்ப்பதிவாகக் குத்தி, இரு பக்கமும் குலை தள்ளிய வாழைமரங்களை எதிரெதிராக நிறுத்துகிறேன். குலைகள் இரண்டும் நடுவை நோக்கித் தாழ வேண்டும் என்பதால், வலப்பக்க வாழைக்கு மட்டும் நடுப்பரப்பை எடுக்கிறேன்.